ஒரு வரி முன்னால் மூடிய பிராக்கெட்

சமூக அறிவியல் ஆசிரியைக்குப் பென்சில்தான் ஆயுதம். பாடத்தை வாசித்துக்கொண்டே போவேன். தேர்வுக்கு வருகிற இடம் வந்ததும், "இங்கேருந்து பிராக்கெட் போடுங்க" என்பேன். பிள்ளைகள் போடுவார்கள். "இதோட மூடுங்க" என்றால் மூடுவார்கள். உள்ளே இருப்பது விடை. வெளியே இருப்பது நாட்டுக்கு வேண்டியதாக இருக்கலாம், நமக்கு வேண்டாம். கவரைப்பேட்டையைத் தாண்டி, கம்பெனி பஸ்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போகிற சாலையில் இருக்கிறது எங்கள் பள்ளி. வாசலில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் கட்டியிருக்கிறோம். அதில் என் பங்கை நினைத்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

போன வருடம் பத்தாம் வகுப்பில் அடிப்படை உரிமைகள் நடத்தினேன். ஒரு மதிப்பெண் கேள்விக்குப் பேர்போன இடம் அதில் ஒன்று இருக்கிறது. சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கியது நாற்பத்து நான்காவது திருத்தம். அந்த வரியோடு மூடச் சொன்னேன். அது இன்றும் சட்ட உரிமையாக இருக்கிறது என்பது அடுத்த வரி. சட்டத்தின் வழியில் அல்லாமல் யாருடைய சொத்தையும் எடுக்க முடியாது என்று அதற்கு விளக்கம் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியாததல்ல. கேள்வியாக வருவதில்லை, அவ்வளவுதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நான் ஏட்டில் இருந்ததையே பாதியாக நறுக்கிக் கொடுத்தேன்.

நெல் பயிரிடுகிற வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்தாள். அதிகம் பேசாதவள்.

"அப்போ கவர்மென்ட்டு நம்ம நெலத்த எட்த்துக்கினா ஒண்ணும் கேக்க முடியாதா மிஸ்?"

மணியடிக்கப் போகிறது, பாடம் பாக்கி இருக்கிறது. குறுக்கே கேள்வி கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். "அதான் நீக்கிட்டாங்கன்னு போட்டிருக்கே. உக்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். தொழிற்பேட்டையைப் பெரிதாக்க அவள் ஊர்ப் பக்கம் நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்திருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை.

திருப்புதல் தேர்வுத் தாள்களைத் திருத்திக் கொடுத்த அன்று பெற்றோரை வரச் சொல்லியிருந்தோம். அவளுடைய அப்பா அவளோடு வந்தார். மகளின் மதிப்பெண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு, "உங்களுக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும் டீச்சர்" என்றார்.

எதற்கு என்று கேட்டேன்.

"நெலம் எடுக்கறோம்னு நோட்டீஸ் வந்துச்சு. ஆட்சேபண மனு குடுக்கலாம் வான்னு ஊர்ல செல பேரு கூப்டாங்க. பாப்பா புஸ்தகத்த எட்த்தாந்து காட்டுச்சு. அந்த உரிமையே இப்ப இல்ல நைனா, மிஸ்ஸே பிராக்கெட் போடச் சொன்னாங்கன்னுச்சு. இல்லாத ஒண்ணுக்கு இன்னாத்துக்கு அலைஞ்சிக்கினு இருக்கணும்? நான் போவல. பேஜாரு மிச்சம்."

மனு கொடுத்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"பக்கத்துக் கழனிக்காரரு குடுத்தாரு. கூப்ட்டு விசாரிச்சாங்க, திரும்ப வந்து அளந்தாங்க. அவரு கெணறும் அத ஒட்டி கொஞ்சம் கழனியும் தப்பிச்சிச்சு. நம்பளுது மொத்தமும் பூட்ச்சு. எல்லக் கல்லு நட்டுட்டாங்க."

அவர் மனு கொடுத்திருந்தால் ஏதாவது தப்பியிருக்குமா, தெரியாது. ஆனால் கேட்கிற உரிமை அவருக்கு இருந்தது. அதை இல்லை என்று சொன்னது அரசாங்கம் இல்லை, நான். சும்மா இருந்திருந்தால் அவர் நன்றியோடு போயிருப்பார். அந்த நன்றியை வாங்கிக்கொள்ளத்தான் என்னால் முடியவில்லை. அவளுடைய புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். பிராக்கெட்டை அழகாக, ஸ்கேல் வைத்து மூடியிருந்தாள். அடுத்த வரியை அவருக்குப் படித்துக் காட்டினேன். "அவசரத்துல இத விட்டுட்டேன். தப்பு என்னுதுதாங்க" என்றேன்.

மகளின் முகம் வெளிறிப்போனது. வீட்டில் போய்ச் சொன்னது தான்தானே என்று, தப்பை அவள் தன் மேல் போட்டுக்கொண்டுவிட்டாள் என்பது எனக்குப் புரிந்தது.

"இப்ப மனு குடுக்கலாமா மிஸ்?"

கெடு எப்போதோ முடிந்துவிட்டது. அதை நான் சொல்வதற்குள் அவர் மகளின் தோளில் கை வைத்து, எனக்காகப் பரிந்து பேசினார்.

"வுடு பாப்பா. டீச்சர் இன்னா பண்ணுவாங்க? பரீட்சைல அவ்ளோதான கேப்பாங்க."

குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மனதாரச் சொன்னார். அவர் கையிலிருந்த விடைத்தாளில் அந்த ஒரு மதிப்பெண் கேள்வியும் இருந்தது. அவள் சரியாகத்தான் எழுதியிருந்தாள். சிவப்பு மையில் நான்தான் டிக் போட்டிருந்தேன்.