தலை விளக்கில் நடந்த நாடகம்

எனக்கு எண்பத்தொரு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. இப்போது இருப்பது ரங்கூனில், போட்டாதாங் படகுத்துறைப் பக்கம். பிறந்தது ஷான் மலையில், ஒரு வெள்ளிச் சுரங்க ஊரில். அந்தச் சின்ன ஊரில் பெரிய பாட்டுக் கொட்டகை இருந்தது என்றால் என் பிள்ளைகளே நம்புவதில்லை.

சுரங்கத்துத் துரை, தன் பெண்சாதி பாடுவதற்காகக் கட்டியது. தேக்குப் பலகைத் தரை, சிவப்புப் பட்டுத் திரை. பலகை இழைத்ததும் திரை இழுத்ததும் நம் ஆட்கள்தான். உட்கார்ந்து கேட்கத்தான் அவர்களுக்கு இடமில்லை. துரை கப்பலேறியபின் கொட்டகை பூட்டிக் கிடந்தது. புதிதாக வந்த பர்மாக்கார மேனேஜரை எல்லோரும் சயா என்போம். அதை அரிசிக் கிடங்காக்கப் போவதாக அவர் சொன்னார். சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பாவும் கூட்டாளிகளும் போய்க் கேட்டதற்கு, ஒரு நாடகம் போடுங்கள், நன்றாயிருந்தால் விட்டுவிடுகிறேன் என்றாராம்.

அப்பாவுக்கு ராணி வேஷம், அம்மாவின் கல்யாணப் புடவை. மீசை எடுத்த அப்பாவைப் பார்த்துத் தம்பி அழுதான். ராணி பாட ஆரம்பித்ததும் கரண்டு போய்விட்டது. சுரங்கக் குழியில் தண்ணீர் ஏறினால் இருக்கிற கரண்டெல்லாம் பம்புக்குத்தான். ஜனம் எழுந்தது. முன்வரிசையில் சயாவும் எழுந்து செருப்பைத் தேடினார்.

அப்போதுதான் வேலை முடிந்த ஆட்கள் குளிக்காமல்கூட வந்தார்கள், நெற்றியில் கார்பைட் விளக்கு எரிய எரிய. தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர்கள் எங்கே பார்த்தார்களோ அங்கே வெளிச்சம். ராஜா பேசினால் அத்தனை தலையும் ராஜா பக்கம். ராணி பாடினால் ராணி பக்கம். அப்படி ஒரு வெளிச்சத்தை ரங்கூன் கொட்டகைகளிலும் நான் பார்த்ததில்லை.

கூட்டத்திலிருந்த பெரியப்பா, "சயா நிற்கிறாரே, அவரையும் கொஞ்சம் பாருங்கடா" என்றார். எல்லா விளக்கும் திரும்பியது. கையில் ஒற்றைச் செருப்போடு நின்ற சயா சிரித்துவிட்டார். தரையிலேயே உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார். நடுவில் விளக்குகள் மங்கின. ஆளாளுக்கு இடுப்பு டப்பாவைத் திறந்து, விளக்கு எரியப் போடுகிற கார்பைட் கல்லை இருந்ததெல்லாம் போட்டுக்கொண்டார்கள். திரைக்குப் பின்னாலிருந்து அப்பாவின் டப்பாவும் வந்தது.

கொட்டகை பிழைத்தது.

மறுநாள் எங்கள் லைன் வீட்டு ஆம்பிளைகள் யாரும் வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. காலையில் கஞ்சி, ராத்திரியும் கஞ்சி. "நாடகம் ஜெயித்ததற்கு லீவா அம்மா?" என்றேன்.

"ஆமாம், லீவு" என்றாள்.

எனக்கு ஒரே குதூகலம். அந்த விளக்குக் கல் வாங்குவது அவரவர் கூலியில் என்பதும், கம்பெனிக் கடை மறுபடி கொடுக்கும்வரை விளக்கில்லாமல் குழிக்குள் இறங்க முடியாது என்பதும், நானே உலை வைக்க ஆரம்பித்தபின்தான் விளங்கியது.

போதும் கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதியதை வாசித்துக் காட்டு. பர்மா எழுத்தை வாசிக்கிற மாதிரி ஓடாதே, மெதுவாக. விளக்கெல்லாம் சயா பக்கம் திரும்புகிற இடத்தை மட்டும் இரண்டு தரம் வாசி.