டீக்கு ஒரு மணி நேரம் முன்னால்

மார்ச் 3 — 8.4
ஏப்ரல் 7 — 8.5
மே 5 — 8.3
ஜூன் 9 — 8.6

இவை ஒரு பஸ் ஓட்டுநர் அம்மாளின் ஹீமோகுளோபின் அளவுகள். பன்னிரண்டாம் தட வண்டியைப் பத்தொன்பது வருடம் ஓட்டியவள். டெப்போவில் எல்லோருக்கும் ‘ஸ்டியரிங் அக்கா’. பிப்ரவரியில் கர்ப்பப்பைக் கட்டியை எடுத்ததும் இரத்தப்போக்கு நின்றது. அதுவரை போன இரத்தம் மட்டும் திரும்பவில்லை. ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்கியது.

மார்ச் 5ஆம் தேதி நிர்வாகத்தின் முதல் கடிதம்: வண்டி ஓட்டக் கூடாது. தொலைந்த பொருள் அறையில் உட்கார வைத்தார்கள். ஜூன் 12ஆம் தேதி இரண்டாவது: செப்டம்பர் 30க்குள் அளவு பதினொன்றைத் தொடாவிட்டால் அந்த அறையே நிரந்தரம்.

அறையில் நாற்பத்தொரு குடை, ஒன்பது மூக்குக்கண்ணாடி, ஒரு பல்செட்டு. “பல்லையே விட்டுட்டுப் போயிருக்கான் பாருங்க, வீட்டுல போய் எதை வச்சு மெல்லுவான்?” என்று கணவரிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் முகம் விழுந்துவிடும். அவள் வண்டியை வேறொருவன் கிளட்சைத் தேய்த்துத் தேய்த்து வெளியே எடுப்பது அறைச் சன்னல் வழியே தெரியும். 

மருந்தில் குறை வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த சாதாரண இரும்பு சல்பேட் வயிற்றைப் புரட்டியது. தையற்காரரான கணவர் மனசு கேட்காமல் விலை கூடிய வேறு ரக இரும்பு மாத்திரை வாங்கி வந்தார். நாத்தனார் தன் பங்குக்கு, “எலும்பும் தேஞ்சிருக்கும் அண்ணி” என்று ஒரு டப்பா கால்சியம் கொடுத்தாள்.

ஜூன் 16 காலை ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் சீட்டை நீட்டினாள். மருந்தாளுநர் பெண் நாலு அளவையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அக்கா, மாத்திரையெல்லாம் எப்பப் போடுறீங்க?”

“கரெக்டா ஆறேகாலுக்கு. முதல் டிரிப் முடிஞ்சு டீ குடிக்கிற நேரம். வண்டி போனாலும் பழக்கம் போகல. இரும்பு, கால்சியம் ரெண்டையும் ஒரே மடக்கு டீயில முழுங்கிடுவேன். ஒரு நாள் தவறினதில்ல!”

“அடப்பாவமே! டீ இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும். கால்சியம் வழியை மறிக்கும். நீங்க போட்டதுல முக்கால்வாசி சும்மா வந்துட்டுப் போயிருக்கு.”

“அப்ப அந்த விலை கூடின மாத்திரை?” என்று அதன் அட்டையை நீட்டினார் பின்னால் நின்ற கணவர்.

“விலை பாத்தா உடம்பு எடுத்துக்குது அண்ணா? நீங்க வாங்கின ரகத்தைவிட அந்தப் பழைய சல்பேட்தான் நல்லா ஏறும்.”

டாக்டரைப் போனில் கேட்டுச் சீட்டைத் திருத்தினாள். சல்பேட், ஒரு நாள் விட்டு ஒரு நாள், வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு. டீ ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம் இரவுச் சாப்பாட்டோடு.

“மாத்திரையைப் பாதியாக் குறைச்சா ரத்தம் கூடுமா? என்னம்மா விளையாடுறியா?”

“ஒண்ணு உள்ள போனதும் உடம்பு ஒரு நாளுக்குக் கதவை ஒருக்களிச்சு வச்சுக்கும் அக்கா. மறுநாள் போடுறது பெரும்பாலும் வாசல்லயே நிக்கும். இப்படிப் போட்டா வயிறும் புரட்டாது.”

மாத்திரை சுலபமாக இருந்தது. டீ இல்லாத அந்த ஒரு மணி நேரம்தான் நகரவில்லை.

“ஏங்க, மணி என்ன?”

“இன்னும் பதினோரு நிமிஷம்.”

“அப்பவும் பதினொண்ணுதானே சொன்னீங்க? முள்ளையும் சேத்துத் தச்சு வச்சிட்டீங்களா?”

ஜூலை 14இல் 9.5. ஆய்வகக்காரரை இரண்டு தடவை வாசிக்க வைத்தாள். ஆகஸ்ட் 18இல் 10.4. மாடிப்படியில் கணவரை முந்தினாள். செப்டம்பர் 22இல் 10.9. கெடுவுக்கு எட்டே நாள். புள்ளி ஒன்று குறைகிறது. அன்றைக்கு அவள் டீயே குடிக்கவில்லை.

செப்டம்பர் 29 திங்கட்கிழமை, 11.1. சீட்டை நிர்வாக அலுவலகத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரையும் போட வைத்தாள். “முடிவு தபால்ல வரும்” என்றார் எழுத்தர். அதற்குப் பிறகும் தொலைந்த பொருள் அறைக்குப் போய்க் குடைகளை எண்ணினாள். பல்செட்டைத் தேடி இன்னும் யாரும் வரவில்லை.

மூன்றாவது கடிதத்தில் இரண்டே வரி: பன்னிரண்டாம் தடம், திங்கள் முதல், முதல் டிரிப். அது வந்து சேர்ந்தது அக்டோபர் 9, வியாழக்கிழமை.