தண்ணி குரூப்புக்குப் போன கேள்வி

அந்தக் கதையைப் படிக்காமலே இருந்திருக்கலாம். ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரி, "ஒரே மூச்சுல முடிச்சுடுவே"ன்னு கொடுத்த புத்தகம். ஒரே மூச்சாவது! அஞ்சாவது மாசத்துல கரு கலைஞ்சுபோன ஒருத்தி, புருஷன் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடலையேன்னு உள்ளுக்குள்ளேயே பொருமற கதை. பள்ளிக்கரணை சிக்னல்ல பஸ் நின்னப்போ ரெண்டு பக்கம் படிச்சேன், மூடினேன், திரும்பத் திறந்தேன். என் வீட்டு விஷயத்தை இவளுக்கு யார் போய்ச் சொன்னதுன்னு, எழுதினவ மேல கோபமா வந்தது.

எனக்கு நடந்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் என் வீட்டுக்காரர் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. நான் கட்டில்ல சுருண்டு கிடப்பேன். அவரோ தினமும் சாயங்காலம், "டேங்க்ல தண்ணி எவ்ளோ இருக்குன்னு பாத்துட்டு வரேன்"னு மொட்டை மாடிக்குப் போயிடுவார். எனக்கு வயிறு எரியும். பொண்டாட்டியைவிட டேங்க் பெரிசாப் போச்சான்னு ஒருநாள் கத்தியும் இருக்கேன்.

கதை படிச்சதுலேர்ந்து இருப்பே கொள்ளலை. குழம்பு கொதிக்கறப்போ ஒரு பக்கம், துணி மடிக்கறப்போ ஒரு பக்கம், திரும்பத் திரும்ப அதையே. ஞாயித்துக்கிழமை காலையில, போதும்டா சாமின்னு கடைசிப் பக்கத்தை போட்டோ எடுத்து, "நீங்க அழுதீங்களா?"ன்னு தட்டி அவருக்கு அனுப்பினேன். நேர்ல கேக்க வாய் வரலை. அவர் கீழே நின்னு லாரித் தண்ணியை சம்ப்புல இறக்கிட்டிருந்தார். அன்னைக்கு லாரியைப் பாத்துக்கறது எங்க வீட்டு முறை.

போனது அவருக்கு இல்லை. லாரி வந்துதா வந்துதான்னு விடிஞ்சதுலேர்ந்து நான் பாத்துட்டிருந்த அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் தண்ணி குரூப்புக்கு!

"எல்லாரும்தான் அழறோம் மேடம், ரெண்டு நாளா குழாய்ல காத்துதான் வருது"ன்னு மூணாவது மாடி சார் போட்டார். "பொறுங்க, இன்னொரு லோடு வருது"ன்னு செகரட்டரி. ஐயோ, மானமே போச்சு. அவசரமா அழிச்சேன்.

அதுக்குள்ள அவர் படியேறி வந்துட்டார். முழங்கால் வரைக்கும் பேன்ட் நனைஞ்சிருந்தது. கையில போன்.

"அழுதேன்"னார். "டேங்க்குக்குப் பின்னாடி உக்காந்து. தினமும்."

"அடப்பாவி மனுஷா, என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதா?"ன்னு அவர் சட்டையைப் பிடிச்சு உலுக்கினேன்.