யூனிஸ் அம்மாள் பெயரில் ஒரு சாத்திரதானம்

ஜினமதி வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி பெங்களூர் சிக்கபேட்டைக்கு வந்தாள். கணவர் அப்பாண்டைராஜன் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். வீட்டுப் பூஜை மாடத்தில் உள்ளங்கை அளவில் ஒரு பித்தளை வாக்தேவி, சமணர்களின் கல்வித் தெய்வம். ஒரு கையில் ஜபமாலை, இன்னொரு கையில் ஏட்டுச்சுவடி. அறிவைக் கொண்டாடும் சுருத பஞ்சமியன்று ஜினமதி வீட்டுச் சுவடிகளைத் துடைத்துப் பட்டுத்துணியில் கட்டி தேவி முன்னால் வைத்துக் கும்பிடுவாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. யாரும் சொன்னதும் இல்லை.

1898இல் ஊருக்குள் பிளேக் வந்தது. அப்பாண்டைராஜன் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. சர்க்கார் ஆட்கள் வீட்டில் மருந்து தெளித்துப் பூட்டிவிட்டு, ஜினமதியை ஊருக்கு வெளியே இருந்த கொட்டகை முகாமுக்கு அனுப்பினார்கள். மடியில் வாக்தேவியை முடிந்துகொண்டு போனாள்.

முகாமில் கஞ்சி ஊற்ற கண்டோன்மெண்டிலிருந்து யூனிஸ் வருவாள். தமிழ் கிறிஸ்தவப் பெண், ஜினமதி வயதுதான். மற்றவர்கள் எட்ட நின்று ஊற்றிவிட்டுப் போக, இவள் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வைப்பாள். ஒருநாள் சிலையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"சரஸ்வதியா? வீணையைக் காணோமே!"

"எங்க வாக்தேவிக்குச் சுவடிதாங்க."

"நீங்க சுவடி படிப்பீங்களா?"

"எனக்கு எழுத்தே தெரியாதும்மா."

சொல்லும்போதே ஜினமதிக்கு அழுகை வந்துவிட்டது. கணவர் போனதற்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

மறுநாள் யூனிஸ் ஒரு சிலேட்டோடு வந்தாள். சாமியைப் பற்றியோ மதத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. 'அ' எழுதிக் காட்டினாள். முகாமைக் கலைக்கும்போது ஜினமதி எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தாள்.

பிறகு கொழுந்தனார் மல்லேஸ்வரத்தில் புதுவீடு கட்டி அண்ணியையும் அழைத்துப் போனார். யூனிஸ் ஜட்கா வண்டி பிடித்து அங்கேயும் வந்தாள். சில வருஷங்களில் ஜினமதி அச்சுப் புத்தகங்களைத் தடங்கலில்லாமல் படித்தாள். ஒரு சுருத பஞ்சமியன்று கோயிலில் பெண்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன் என்றாள்.

"பொம்பளை சாத்திரம் படிக்கறதா?" என்றார் பெரியவர் ஒருவர்.

ஜினமதி வாக்தேவி சந்நிதிப் பக்கம் கை நீட்டினாள். "அங்கே சுவடியைப் பிடிச்சிருக்கறது யாருங்க? பொம்பளைதானே?"

பெரியவர் சிரித்துவிட்டு, தானே பாய் விரித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து வருஷம் தவறாமல் அவள்தான் வாசித்தாள்.

யூனிஸ் 1926இல் காலமானாள். சர்ச்சின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜினமதி மனம்விட்டு அழுதாள். சமணர்கள் சாத்திரம் தானம் செய்வதைப் பெரிய புண்ணியமாக நினைப்பவர்கள். தோழி பெயரில் அதைச் செய்ய முடிவெடுத்து, தன் கெம்புத்தோட்டை விற்று அரிச்சுவடி அச்சடித்தாள்.

"சாத்திரதானம்னா சாத்திரம்தானே தரணும் அண்ணி?" என்றார் கொழுந்தனார்.

"எழுத்துத் தெரியாதவளுக்கு இதைவிட வேற சாத்திரம் ஏதுங்க?"

முதல் பக்கத்தில் யூனிஸ் அம்மாளின் பெயரை மட்டும் போடச் சொன்னாள். சிக்கபேட்டையிலும் மல்லேஸ்வரத்திலும் சாதி, மதம் பார்க்காமல் பெண் குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தாள். தீர்ந்ததும் மறுபடி அச்சுக்குக் கொடுத்தாள். யுத்த காலத்தில் காகிதம் கிடைக்காமல் போனபோது, வாசலில் உட்கார்ந்து சிலேட்டிலேயே எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள்.