காங்கேயத்து ஜெட் விமானத்தைப் பூட்டிய எட்டு மாதம்

அடுத்தவர் உதிரி உதிரியாக வாங்கிவந்த விமானத்தைப் பூட்டிக் கொடுப்பதுதான் என் தொழில் என்று சொன்னால் கோயமுத்தூரில் பாதிப்பேர் நம்பமாட்டார்கள். நம்புகிற மீதிப்பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

நான் சொல்வது பொம்மை விமானம். கையில் ரேடியோப் பெட்டியை வைத்துக்கொண்டு, தரையில் நின்றபடி ஓட்டுவது. பம்பு கம்பெனி ஒன்றில் டூல் ரூம் ஃபிட்டராக இருந்தபோது ஆசைக்கு இரண்டு மூன்று செய்து பறக்கவிட்டேன். அதைப் பார்த்த மில்காரர்கள், வெளிநாடு போய்வரும்போது வாங்கிய பெட்டிகளை என்னிடம் கொண்டுவர ஆரம்பித்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில் வேலையை விட்டுவிட்டு, கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறை பிடித்து இதையே தொழிலாக்கிக்கொண்டேன். 'நீங்களே எளிதில் பூட்டலாம்' என்று அட்டையில் போட்டிருந்ததை நம்பி, சைக்கிளையோ பீரோவையோ நடுவீட்டில் பரப்பிவைத்து, கடைசியில் மிஞ்சிய நாலு ஸ்க்ரூவைப் பார்த்து விழித்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், நான் பட்டதில் கால்வாசி உங்களுக்குத் தெரியும். மிச்சம் முக்கால்வாசி இது.

பெட்டி

ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் சென்னியப்பன் அம்பாசடர் காரில் வந்து இறங்கினார். காரின் தலையில் கயிறு போட்டுக் கட்டிய ஒரு பெட்டி, ஆள் நீளத்துக்கு. ஜெர்மனிக்கு மெஷின் கண்காட்சி பார்க்கப் போனவர், மெஷினை விட்டுவிட்டு இதை வாங்கி வந்திருந்தார். ஜெட் விமானம். இதற்கு மூக்கில் விசிறி கிடையாது. விசிறி வயிற்றுக்குள், ஒரு குழாய்க்கு நடுவில் இருக்கும். ஒரு சின்ன என்ஜின் அதை நிமிஷத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் சுழற்றும். காற்று பின்பக்கமாகப் பீய்ச்சி அடிக்கும். அப்படி ஒன்றை நான் அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தேன். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பெட்டி என் மேஜைமேல் இருந்தது.

உள்ளே கண்ணாடி நாரில் வார்த்த உடம்பு, நுரைக்கட்டையின்மேல் மெல்லிய மரத்தோல் ஒட்டிய இறக்கைகள், பொட்டலம் பொட்டலமாகத் திருகாணிகள், தலையணை கனத்துக்கு ஒரு கையேடு. கையேடு முழுக்க ஜெர்மன். எனக்கு இங்கிலீஷே அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான் ஓடும். “அண்ணா, இது எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே” என்றேன். சென்னியப்பன் கையேட்டை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்:

“ஏனுங்க தம்பி, பக்கத்துக்குப் பக்கம் படம் போட்டிருக்கான். படத்தைப் பாக்கறதுக்கு பாஷை எதுக்குங்க?”

இறக்கை

இரண்டு இறக்கைகளையும் நடுவில் பசை போட்டு ஒன்றாக்க வேண்டும். இரண்டும் நேர்கோட்டில் இருக்கக்கூடாது. நுனி லேசாக மேலே தூக்கியிருக்க வேண்டும். எவ்வளவு தூக்க வேண்டும் என்று படத்தில் இருந்தது. அந்த அளவுக்கு மரக்கட்டை சீவி நுனிகளுக்கு அடியில் கொடுத்து, மூன்று தடவை அளந்து, பசையைத் தடவிச் சேர்த்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வைகாசி வெயிலில் பசை எப்போது இறுகும் என்று பசைக்கே தெரியாது. அதனால் கதவைச் சாத்தி, 'தொடவேண்டாம்' என்று ஒரு சீட்டும் எழுதி ஒட்டியிருந்தேன்.

திரும்பி வந்தால் உள்ளே சென்னியப்பனும் அவருடைய மச்சானும் நிற்கிறார்கள். மச்சான் ஈரோட்டில் மஞ்சள் மண்டிக்காரர். இறக்கையைத் தூக்கி, திருப்பி, தட்டிப் பார்த்துவிட்டு, மேஜைமேல் பலகை மாதிரி மட்டமாக வைத்திருந்தார். மரக்கட்டைகள் தரையில் கிடந்தன. பசை கல்லாகிவிட்டது. மறுபடியும் அறுத்து, ராவி, சேர்க்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. சீட்டைக் காட்டி, “இதைப் பாக்கலீங்களா?” என்று கேட்டேன். மச்சான் கொஞ்சமும் அசரவில்லை.

“நாங்க மூட்டையை மேல மட்டும் பாத்து வாங்கறதில்லீங்க. அடியிலயும் பாப்பமுங்க.”

விசிறி

அந்த வேகத்தில் சுற்றுகிற விசிறியில் ஒரு இலை மற்றதைவிட அரிசி முனையளவு கனமாக இருந்தாலும் போதும், என்ஜினைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். எடை பார்த்துச் சமன் செய்ய முன்பக்கத்து லேத் பட்டறை ரங்கசாமி அண்ணனிடம் போனேன். முப்பது வருஷமாகப் பம்புக்குள் சுற்றித் தண்ணீர் தள்ளும் இம்பெல்லரைக் கடைந்துகொண்டிருக்கும் மனுஷன். கை சுத்தமான கை. ஆனால் உலகத்தில் சுற்றுகிற எதுவும் அவருக்குப் பம்புதான். விசிறியைக் கையில் உருட்டிப் பார்த்து, “இம்பெல்லர் நல்லாத்தான் வாத்திருக்கான். கேசிங்குதான் சரியில்ல, ரெண்டு பக்கமும் தெறந்து கெடக்குது” என்றார். இது தண்ணீர் இறைக்க அல்ல, காற்று தள்ள என்று விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே இரண்டு நாளில் அழகாகச் சமன் செய்து கொடுத்தார்.

பட்டறைக்கு முன்னால் விமானத்தைக் கட்டிப்போட்டு முதல் தடவை என்ஜினை முடுக்கினேன். அந்தச் சத்தத்தை எழுதிக் காட்ட முடியாது. வீதியில் கட்டியிருந்த எருமை அறுத்துக்கொண்டு ஓடியது. எதிர்வீட்டு மாடியில் காயப்போட்ட வடகத்தை விட்டுவிட்டு ஒரு அம்மா கீழே இறங்கிவிட்டார். எனக்கோ மயிர் சிலிர்த்தது. நாலு மாத வேலை உயிரோடு கத்துகிறது! ரங்கசாமி அண்ணன் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு என் அருகில் வந்து, நான் ஏதோ பெரிய தப்பு செய்துவிட்ட மாதிரி கத்தினார்:

“தண்ணியே இல்லாம ஓட்டுனா இப்படித்தான் கத்தும் சேவியரு! மொதல்ல கெணத்துக்குள்ள ஃபுட் வால்வைப் பாரு!”

எண்ணெய்

இந்த என்ஜினுக்கு மெத்தனாலில் விளக்கெண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். சோதனை ஓட்டத்துக்கு நானே கலந்தேன். அது சென்னியப்பனுக்கு மனக்குறை. எண்ணெய் மில் வைத்திருக்கிறவரின் விமானம் கடையில் வாங்கிய எண்ணெயில் ஓடலாமா? “எண்ணெய் என்னோட பொறுப்புங்க, நீங்க கலக்கறதை மட்டும் பாருங்க” என்று சொல்லி, மார்கழி பிறக்கும்போது ஒரு கேன் அனுப்பிவைத்தார். நான் கலக்கப் பார்த்தேன். எவ்வளவு குலுக்கினாலும் எண்ணெய் தனி, மெத்தனால் தனி. எண்ணெய் நயம் சரக்கு, கலக்க நேரமாகும் போல என்று முட்டாள்தனமாக நினைத்து, நன்றாகக் குலுக்கி டேங்கில் ஊற்றி வைத்துவிட்டேன். காலையில் என்ஜின் கிர்ரென்று ஒரு சத்தம் போட்டது, அவ்வளவுதான். டேங்கைக் கழற்றினால் உள்ளே வெள்ளை வெளேரென்று உறைந்துபோன கட்டி. குழாய் முழுக்க அதே கதை.

மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்! தொலைபேசிக் கடைக்குப் போய்க் காங்கேயத்துக்குப் பேசினேன். “அண்ணா, விளக்கெண்ணெய்தானுங்களே கேட்டேன்? இது குளிருக்கு உறைஞ்சு கெடக்குதுங்க!” என்று கத்தினேன். அந்தப் பக்கம் சென்னியப்பனின் குரலில் ஒரு பூரிப்பு.

“பாத்தீங்களா, உறைஞ்சுதா? அப்ப கலப்படமே இல்லீன்னு அர்த்தமுங்க!”

முன்பாரம்

விமானத்தை இறக்கைக்கு அடியில் இரண்டு விரலில் தாங்கினால் மட்டமாக நிற்க வேண்டும். இது வாலைத் தொங்கப்போட்டது. மூக்குக்குள் ஈயம் வைத்தால்தான் சரிவரும் என்றேன். சென்னியப்பனுக்கு அதிர்ச்சி. பறக்கிற சாமானுக்கு எவனாவது பாரம் ஏற்றுவானா? நான் செண்டர் ஆஃப் கிராவிட்டி என்று காகிதத்தில் படம் போட்டு முக்கால் மணி நேரம் விளக்கினேன். கடைசியில் தொண்டை வறண்டு, “பின்பாரமா இருக்குதுங்க, மாட்டுவண்டி மாதிரி முன்னுக்கு ஏத்தோணும்” என்று சொன்னேன். மனுஷன் துள்ளி எழுந்தார்.

“முன்பாரம்னு மொதல்லயே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமுங்க. எதுக்கு இத்தனை நேரம் இங்கிலீஷ்ல திட்டுனீங்க?”

தூரம்

ரேடியோ எத்தனை தூரம் எட்டுகிறது என்று பறக்கும் முன்பே பார்த்தாக வேண்டும். ஆன்டெனாவை மடக்கிவைத்துக்கொண்டு நான் பின்னால் நடந்துகொண்டே ரேடியோப் பெட்டியில் இருக்கும் குச்சியை அசைப்பேன். விமானத்துக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள், இறக்கையின் பின்னோரத்து மடல்கள் சரியாக அசைகின்றனவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அன்றைக்கு மைதானத்துக்குச் சென்னியப்பனுடன் அவர் வீட்டம்மா ஜெயமணி அக்காவும் வந்திருந்தார். எட்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை. சென்னியப்பனை நிற்கவைத்தால், அசைந்தாலும் “ஆமாங்க”, அசையாவிட்டாலும் “ஆமாங்க”. பொறுத்துப் பார்த்த ஜெயமணி அக்கா அவரை நகரச் சொல்லிவிட்டு, தானே விமானத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். “வலது மேல, இடது கீழ! இப்ப நடுவுல! இப்ப லேசா ஒதறுதுங்க தம்பி, நின்னுக்கங்க!” என்று மைதானத்தின் அந்த மூலையிலிருந்து ஒன்று விடாமல் சொன்னார். என் தொழிலில் இப்படி ஒரு ஆள் கிடைத்தது அதுவே முதல் முறை.

முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கும்போது, சென்னியப்பன் காதில் விழாத தூரத்தில் அக்கா சொன்னார்: “பத்தொம்பது வயசுல ஏர்ஃபோர்ஸ் செலெக்‌ஷனுக்குப் போனாருங்க. ஓட்டம், பரீட்சை எல்லாம் பாஸு. கண்ணு டெஸ்ட்டுல கழிச்சுப்போட்டாங்க. அழுதுக்கிட்டே வந்து மில்லுல உக்காந்தவருதான்.” எட்டு மாதமாக அந்த மனுஷனை மனசுக்குள் திட்டிய அத்தனை வார்த்தையையும் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றியது. என் முகம் போன போக்கைப் பார்த்து அக்கா சிரித்துவிட்டார்.

“பாவப்படாதீங்க தம்பி. அந்தக் கண்ணை வெச்சுத்தான் உங்க வேலையில இத்தனை நொட்டை கண்டுபுடிக்கறாரு.”

சுவிட்சு

ஜெட் ஓடிக் கிளம்ப நீளமான தார் ரோடு வேண்டும். பெருந்துறைப் பக்கம் தொழிற்பேட்டையில் புதிதாகப் போட்ட சாலை ஒன்று ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் என்று கேள்விப்பட்டு, அங்கே பறக்கவிடுவதாக முடிவு. நான் நாலு பேர் போதும் என்றேன். சென்னியப்பன் சொந்தபந்தம் ஒன்று விடாமல் இரண்டு வேன் நிறைய ஒரம்பரையைக் கூட்டி வந்திருந்தார். பந்தி மாதிரி பாய் விரித்து இட்லி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் இது விழுந்தால், மனுஷன் இரண்டாவது தடவை வெறுங்கையோடு வீட்டுக்குப் போகவேண்டும். தட்டை வைத்துவிட்டு விமானத்திடம் போனேன்.

என்ஜினை முடுக்கப் போகும்போது ஜெயமணி அக்கா வந்தார். “ஏனுங்க தம்பி, அன்னிக்கு நீங்க குச்சியை வலதுபக்கம் தள்ளுனா வலது ரெக்கையில இருக்கறது மேல போச்சு. இன்னிக்குக் கீழ போகுதுங்களே?” எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பத்து வருஷமாகச் செய்கிறேன், எனக்குத் தெரியாதா? ஒப்புக்குக் குச்சியைத் தள்ளிப் பார்த்தேன். கீழேதான் போனது. காதெல்லாம் சூடாகிவிட்டது. அப்படியே கிளப்பியிருந்தால், வலப்பக்கம் திருப்பும்போது இடப்பக்கம் சாய்ந்து பாய்க்கே வந்திருக்கும். ரேடியோப் பெட்டியைத் திருப்பினால், திசை மாற்றுகிற குட்டி சுவிட்சுகளில் ஒன்று இடம் மாறியிருந்தது. “இதை யாருங்க தொட்டது?” என்று கேட்டபோது என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. சென்னியப்பன் இட்லித் தட்டோடு முன்னால் வந்தார்.

“நான்தானுங்க. எல்லாச் சுவிட்சும் மேல இருக்கறப்ப அது ஒண்ணு மட்டும் கீழ இருந்துச்சு. வரிசையா இருக்கட்டும்னு மேல தள்ளிவுட்டேன்.”

வானம்

கிளப்பினேன். ஜெட் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. ரோடு தீரப்போகிற நேரத்தில் மூக்கைத் தூக்கி, கத்திக்கொண்டு மேலே ஏறியது. பின்னால் ஒரம்பரையிடமிருந்து ஒரு பெரிய ஆரவாரம். நான் திரும்பிப் பார்க்கவில்லை; கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை. பெரிய வட்டமாக நாலைந்து சுற்று. இறக்கலாம் என்று திருப்பும்போது சத்தம் நின்றது. என்ஜின் போய்விட்டது. விசிறி நின்ற ஜெட் மிதக்காது. கல்லைவிடக் கொஞ்சம் மெதுவாக இறங்கும், அவ்வளவுதான்.

மூக்கைத் தாழ்த்தி ரோட்டுக்கு நேராகக் கொண்டுவந்தேன். ரோட்டின் இரண்டு முனையிலும் ஆள் நிறுத்தியிருந்தோம். ஆனால் நடுவில் சோளக்காட்டு வழியிலிருந்து பால் கேனோடு ஒரு மொபெட் சாவகாசமாக ஏறி வந்தது. கத்தினேன். அவர் என்னைப் பார்த்துக் கையாட்டினார். வேறு வழியில்லாமல் குச்சியை ஒரேயடியாக இடப்பக்கம் தள்ளினேன். ஜெட் அவர் தலைக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில் உரசாமல் போய், சோளத்தட்டை அறுத்த காட்டில் புழுதி கிளப்பி இறங்கியது. மொபெட்காரர் வண்டியை நிறுத்தி, கேனில் பால் சிந்தவில்லை என்று உறுதி செய்துகொண்டு, என்னிடம் வந்து நியாயம் கேட்டார்:

“இத்தனை வெசையா வாரீங்க, ஒரு ஹாரன் அடிச்சா என்னங்க?”

காட்டுக்குள்

சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரம்பரைக்கெல்லாம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே பின்னால் ஓடினேன். போய்ப் பார்த்தால், புழுதியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விமானத்தை மடியில் வைத்துத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். முன்சக்கரம் ஒடிந்திருந்தது. அடிவயிற்றில் ஒரு கீறல். வேறொன்றும் இல்லை. “சக்கரம் மாத்திக்கலாமுங்கண்ணா” என்றேன். அது அவர் காதில் ஏறியதாகவே தெரியவில்லை. கண் நிறைந்திருந்தது.

“நாலு நிமிஷம் மேல இருந்துச்சுங்க தம்பி. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்.”

குச்சி

சக்கரம் மாற்றியபின் அவருக்கே ஓட்டக் கற்றுத்தர முயன்றேன். பழகுவதற்கென்று நான் வைத்திருந்த சின்ன விமானம் போய் உட்காராத மரமில்லை. மூன்றாவது தென்னையிலிருந்து அதை இறக்கிய அன்று ஜெயமணி அக்கா ரேடியோப் பெட்டிக்குக் கை நீட்டினார். அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் வந்தார். நான் சொன்னதை ஒரு தடவைதான் கேட்பார். அடுத்த தடவை செய்துவிடுவார். அடுத்த கார்த்திகையில் அதே பெருந்துறை ரோட்டில் ஜெட்டைக் கிளப்பி, சுற்றி, முன்சக்கரம் நோகாமல் இறக்குகிற அளவுக்கு வந்துவிட்டார். சென்னியப்பன் பின்னால் நின்று, “தூக்கு! திருப்பு! மெதுவா!” என்று இடைவிடாமல் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். அக்கா வானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

“கொஞ்சம் அக்கட்டால போயி நில்லுங்க. நான் எறக்கிப்போட்டுக் கூப்படறேன்.”

அந்த ஜெட்டை எட்டு மாதம் பூட்டியது நான்தான் என்றாலும், அதை அதன் சொந்தக்காரரிடமிருந்து காப்பாற்றத் தெரிந்தது அவர் வீட்டம்மாவுக்கு மட்டும்தான்.