குண்டூசி இல்லாத முக்காடு

முக்காடு கட்டுவதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் ஒரு நாளும் கட்டிப் பார்க்காதவர்கள். எனக்கே ஐந்தாறு விதம் தெரியும். கிண்ணியாப் பாலத்தில் ஸ்கூட்டி ஓட்டும்போது இரண்டு நுனியையும் சட்டைக்குள் செருகிவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்று துணியைக் கண்ணிலேயே அடிக்கும். கல்யாண வீட்டுக்கு மடிப்பு மடிப்பாக எடுத்து, எட்டுக் குண்டூசி. வாசலில் மீன்காரர் கூப்பிட்டால் கையில் அகப்பட்டதைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடுவது. அதுவும் ஒரு விதம்தான்.

துறைமுகத்தில் எனக்குப் பாதுகாப்பு மேற்பார்வை வேலை கிடைத்தது. கப்பலடியில் வேலை செய்கிறவர்கள் ஹெல்மெட், சப்பாத்து எல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். தரையில் கீறிய மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தால் யாராக இருந்தாலும் ஹெல்மெட் கட்டாயம். அதற்கென்றே படித்தவள் நான். முதல் நாளாயிற்றே என்று மூத்தவளான என் ராத்தா கல்யாண வீட்டுக் கட்டுக் கட்டி அனுப்பினாள். நானும் கண்ணாடியில் பார்த்து மயங்கிப் போனேன். அந்த மடிப்புகளுக்கு மேல் ஹெல்மெட் சரியாக உட்காரவில்லை; தாடைப் பட்டியும் பூட்ட எட்டவில்லை. பாரந்தூக்கியை அண்ணாந்து பார்த்தேன். ஹெல்மெட் பின்பக்கமாகக் கழன்று, மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களின் காலடிக்கு உருண்டது.

எனக்கு மேலிருந்த பொறுப்பாளர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

"தங்கச்சி, துணியும் ஹெல்மெட்டும் சேராது. கந்தோரில ஒரு கதிரை இருக்கு. அங்க இருந்து டைப் பண்ணுங்கோ."

முக்காட்டைக் கழற்றச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். இரக்கப்பட்டுக் கதிரை தருகிறவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? ஆனால் நான் அதில் உட்கார்ந்தால், எனக்குப் பிறகு வருகிற பெண்ணுக்கும் அதே கதிரைதான்.

"திங்கக்கிழமை வரைக்கும் பொறுங்க சேர். கட்டிக் காட்டுறன்" என்றேன்.

வீட்டில் ராத்தா, "கந்தோர் வேலை நல்லதுதானே, வெயிலும் படாது" என்றாள். எனக்கு வெயில்தான் வேண்டும் என்றேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஹெல்மெட்டும் கையுமாகத் திரிந்தேன். பட்டுத்துணி வழுக்கியது. பிடரியில் போட்ட முடிச்சு ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டது. குண்டூசி மண்டையில் குத்தியது. கடைசியில் பழைய டீசேட் ஒன்றை வெட்டினேன். இழுபடும் துணி. நெற்றியில் இறுக்கி, தாடைக்குக் கீழே குறுக்காக எடுத்து, நுனிகளைக் கழுத்துக்குள் செருகினேன். முடிச்சும் இல்லை, ஊசியும் இல்லை. பட்டியும் பூட்டியது. "உனக்கு விசர்" என்று திட்டிய ராத்தாவே ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்தும் பார்த்தாள். வரவில்லை.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் குனிந்தேன். தலையை உதறினேன். பாரந்தூக்கியின் உச்சி வரை அண்ணாந்து பார்த்தேன். ஹெல்மெட் அசையவில்லை.

பொறுப்பாளர் சிரித்தார். வேர்வை தாங்காமல் தன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

"சரி தங்கச்சி, இண்டைக்கு நிண்டிட்டுது. நாளைக்கும் நிக்குமோ?"

"நாளைக் கதையப் பிறகு பார்ப்பம் சேர். நீங்க மஞ்சள் கோட்டுக்கு உள்ளுக்கு நிக்கிறீங்க. ஹெல்மெட்டைப் போடுங்க, இல்லாட்டி வெளியில போங்க."

மூட்டை இறக்கியவர்கள் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். நான் தரையில் இருந்த கோட்டைக் கையால் காட்டினேன்.

அவர் போட்டுக்கொண்டார். நான் அடுத்த ஆளைப் பார்க்கப் போனேன்.