பேப்பரில் வந்த அம்மான்

சைகோனில் எங்கள் வீட்டில் வியட்நாமிய எழுத்தைத் தடையில்லாமல் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. அப்பாவை நான் அப்பச்சி என்றுதான் கூப்பிடுவேன்; அவர் டான் சோன் நாட் விமான நிலையத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலையில் இருந்தார். வெளிநாட்டுப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு அந்தச் சம்பளம் காணாது என்று என்னைத் தெருமுனையிலிருந்த அரசாங்கப் பள்ளியில் சேர்த்தார்கள். சிவப்புக் கழுத்துத்துணி கட்டிக்கொண்டு போய், அவர்கள் பாஷையில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு வந்தேன். மின்சார நோட்டீஸ், இருமல் மருந்துப் பெட்டி, சந்துக்குள் ஒலிபெருக்கியில் காலையில் கத்துகிற அறிவிப்பு, எல்லாவற்றையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். “எங்க ஆத்தா வாசிச்சா கவர்மெண்டே வாசிச்ச மாதிரி” என்று அப்பச்சி என்னைக் காட்டி விருந்தாளிகளிடம் சொல்வார். எனக்குத் தலை கிறுகிறுக்கும்.

அம்மாவின் தம்பியும் எங்களோடு இருந்தார். எங்கள் பக்கத்து வழக்கில் அம்மான். அப்பச்சிதான் தேவகோட்டையிலிருந்து அவரை வரவழைத்து ஒரு டிராவல் ஏஜென்சியில் சேர்த்துவிட்டார். வந்த ஆறே மாதத்தில் சந்தைக்காரிகளோடு சண்டை போடுகிற அளவுக்கு வியட்நாமியம் பேசக் கற்றுக்கொண்டார். வாசிப்பதுதான் அவருக்கு ஆமை வேகம். எழுத்துக்கு மேலும் கீழும் போட்டிருக்கிற புள்ளி, கொக்கியெல்லாம் பார்த்தால் கறிவேப்பிலை கொட்டின மாதிரி இருக்கிறது என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மான் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டிக் கான் ஹொய்க்குப் போவார். அங்கே துறைமுகத்தில் பாரவண்டி ஓட்டுகிற ஒருவர் அவருக்கு நண்பர். நான் அவரைச் சூ சின் என்று கூப்பிடுவேன். சூ என்றால் சித்தப்பா. சின் என்றால் ஒன்பது. அந்தப் பக்கத்தில் பிள்ளைகளைப் பிறந்த வரிசைப்படிதான் கூப்பிடுவார்கள். தலைப்பிள்ளையை இரண்டு என்று ஆரம்பிப்பதால் எட்டாவதாகப் பிறந்தவர் ஒன்பதாகிவிடுவார். சூ சின் கறுத்து, அகன்ற தோளோடு, அதிகம் பேசாதவராக இருப்பார். சட்டிமீன் குழம்பு வந்ததும் குச்சிகளால் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுச் சதையை என் கிண்ணத்தில் வைப்பார். பிறகு அம்மான் கிண்ணத்தில் வைப்பார். தனக்கு மிச்சமிருக்கிற தலையை எடுத்துக்கொள்வார். வீட்டில் ஓயாமல் பேசுகிற அம்மான் அங்கே பேசாமல் சாப்பிடுவார். அவ்வளவு நிம்மதியாக அவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டில் படம் ஓடும். சென்னையிலிருந்து வருகிற யாராவது விசிடி கொண்டுவருவார்கள். ஊரிலிருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களும் எங்கள் கூடத்தில் வந்து உட்காரும். எந்தப் படமானாலும் அதில் ஓர் ஆள் இடுப்பை வளைத்து, கையைத் தட்டி, குரலைக் குழைத்து வருவான். கதாநாயகன் அவனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வான், அல்லது ஓர் எண்ணைச் சொல்வான். கூடமே சிரிக்கும். அப்பச்சி கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமலிருக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியாது. அம்மானும் சிரிப்பார். கொஞ்சம் பிந்திச் சிரிப்பார்.

அப்படி ஒரு நாள், கதாநாயகன் “ஒன்பது” என்று சொல்லிக் கூடம் சிரித்து அடங்கியதும், எனக்கும் சபையில் ஒன்று சொல்ல ஆசை வந்தது. அம்மானோட சிநேகிதருக்கும் அதுதான் பேரு, சின் என்றால் ஒன்பது என்று சொன்னேன். படத்துக்குக் கிடைத்ததைவிடப் பெரிய சிரிப்பு எனக்குக் கிடைத்தது. ஒரு மாமா தொடையில் அடித்துக்கொண்டு, உன் மச்சான் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறான் என்று அப்பச்சியிடம் சொன்னார். அப்பச்சி சிரித்தபடியே அம்மானைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அவர் சிரிப்பு நின்றுவிட்டது. வியட்நாமியருக்கோ அந்த எண் அதிர்ஷ்ட எண். வண்டி நம்பரில் ஒன்பது வேண்டுமென்று கூடுதல் காசு கொடுப்பவர்கள் உண்டு.

பத்திரிகையில் ஒரு புகைப்படம் வந்தது அந்த மழைக்காலத்தில். ஆற்றோரக் கடை ஒன்றில் யாருக்கோ பிறந்தநாள். ஆண்கள் மட்டும் கூடியிருக்கிறார்கள். இரண்டு பேர் பெண்கள் உடுத்துகிற நீண்ட பட்டு அங்கி போட்டுப் பாடியிருக்கிறார்கள். யாரோ படம் பிடித்துப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டான். அப்பச்சியின் அலுவலக டிரைவர் அந்தப் பக்கத்தை மடித்து அவர் மேசையில் வைத்துவிட்டுப் போனானாம். படத்தின் ஓரத்தில் அம்மான் நின்றார். அவர் தோளில் சூ சின்னின் கை இருந்தது. படம் புரிந்தது, எழுத்து புரியவில்லை. அலுவலகத்தில் யாரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்க அப்பச்சிக்கு வாய் வரவில்லை. வீட்டில் நான் இருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அது. அம்மான் அரைநாள் வேலை முடிந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். அப்பச்சி சட்டையைக்கூடக் கழற்றாமல் பேப்பரை மேசைமேல் விரித்தார்.

“வாசியாத்தா.”

பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி நேராக நின்று, குரலை உயர்த்தி வாசித்தேன். ஒரு வாக்கியம் வாசிப்பதும் அதைத் தமிழில் சொல்வதுமாகப் போனேன். இவர்கள் நோயாளிகள் என்று போட்டிருந்தது. நோய் என்று சொன்னேன். இந்த அசிங்கம் வெளிநாட்டிலிருந்து வந்தது, கூட்டத்தில் ஓர் இந்தியனும் இருந்தான் என்று போட்டிருந்தது. அதையும் சொன்னேன். தலைப்பில் இருந்த ஒரு சொல்லுக்கு மட்டும் எனக்குத் தமிழ் தெரியவில்லை. அது எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லாத சொல். ஆனால் பள்ளியில் பையன்கள் ஒருவனைத் துரத்தித் துரத்திச் சொல்வார்கள்.

“பேடேன்னு போட்ருக்கு அப்பச்சி. அதுக்கு என்ன?”

“அதுக்கு எதுக்கு அர்த்தம்? நம்மூரு வார்த்தையேதான். பேடி.”

அது பிரெஞ்சுக்காரர்கள் போகும்போது விட்டுவிட்டுப் போன வசவு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவர்களை அடித்து விரட்டிய ஊர் அந்தச் சொல்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டது. அன்றைக்கு எனக்கு இரண்டும் ஒரே சொல்லாகத்தான் பட்டது. அதனால் அந்தச் சொல் வந்த இடத்திலெல்லாம், திக்காமல், பேடி பேடி என்று சொல்லிக்கொண்டு போனேன்.

அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, பிள்ளையைப் போய் வாசிக்கச் சொல்றீகளே, போதும் என்றார். அம்மான் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் தன் அக்காளிடம் சொன்னார்.

“வாசிக்கட்டும் ஆச்சி. நல்லாத்தானே வாசிக்கிறா.”

கடைசி வரி வரைக்கும் வாசித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்தும், அம்மா வெகுகாலம் கழித்துச் சொன்னதிலிருந்தும் எனக்குத் தெரியவந்தவை. பத்திரிகைக்குப் பதில் எழுதப்போவதாக அம்மான் சொல்லியிருக்கிறார். அப்பச்சி வேண்டாமென்றார். பேப்பர்காரன் எழுதினால் எழுதிவிட்டுப் போகிறான், அவன் வாயை நாம் மூட முடியுமா என்றார். அதே மூச்சில், நீ வாயை மூடிக்கொண்டிரு என்றும் சொன்னார்.

அம்மான் கேட்கவில்லை. சூ சின்னைக் கூட்டிக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஒருவர் மரியாதையாகத் தேநீர் கொடுத்து உட்காரவைத்தாராம். செய்தியில் பொய் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், மறுப்புப் போடுகிறோம் என்றாராம். நீங்கள் அந்தக் கடைக்குப் போகவில்லையா, அல்லது நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லையா, எது பொய் என்று கேட்டாராம். பொய் என்று சொன்னால் அம்மான் பொய் சொன்னவராவார். பொய்யில்லை, ஆனால் நோயுமில்லை என்று சொல்வதற்கு அந்தப் பத்திரிகையில் இடம் கிடையாது. வட்டார அதிகாரி கூட்டத்தில் கொட்டாவி விட்டார் என்றுகூட எழுதத் துணியாத பத்திரிகைகள் அவை. இந்த மனிதர்களைப் பற்றி மட்டும் அவற்றுக்குச் சகல சுதந்திரமும் இருந்தது. அடுத்த வாரம் வாசகர் கடிதங்கள் வந்தன. எல்லாம் ஊரைச் சுத்தப்படுத்தச் சொல்லி.

துறைமுகத்தில் சூ சின்னை இனிமேல் வரவேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். அவர் ஊருக்கு வெளியே குச்சி என்கிற கிராமப்பக்கத்திலிருந்த அண்ணன் வீட்டுக்கு மாடு பார்க்கப் போய்விட்டார். அப்பச்சியின் மேலாளர் அவரைக் கூப்பிட்டு, வீட்டில் எல்லோரும் சுகம்தானே என்று விசாரித்தார். அவ்வளவுதான் விசாரித்தார். அன்று சாயங்காலமே அப்பச்சி அம்மானுக்கு டிக்கெட் போட்டுவிட்டார். ஊரில் பெண் பார்க்கச் சொல்லித் தந்தியும் போய்விட்டது.

அன்றைக்கு நான் கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். கதவை மூட மறந்திருந்தார்கள்.

“நான் என்ன தப்புப் பண்ணுனேன், சொல்லுங்க அத்தான்.”

“தப்புன்னு நான் சொன்னேனா? பேப்பர்ல வந்திருச்சு. அதுதான்.”

“வராம இருந்தா?”

“வராம இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. தெரியாம இருந்தா நல்லாருந்திருப்போம்.”

 அம்மா தன் தம்பியின் சட்டைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து மடித்துப் பெட்டியில் வைத்தார். எங்கள் வீட்டில் அவ்வளவு கவனமாக யாருடைய துணியும் மடிக்கப்பட்டதில்லை.

அம்மானுக்குத் தேவகோட்டையில் கல்யாணம் நடந்தது. இரண்டு பையன்கள். அவர் நல்லவர், சண்டை போடமாட்டார், ஆனால் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி இருப்பார் என்று அந்த அத்தை என்னிடம் ஒருமுறை சொன்னார். சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். நகைச்சுவை நிகழ்ச்சியில் மீசை வைத்தவன் சேலை கட்டிக்கொண்டு வந்தால் எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பார். இப்போது பிந்துவதில்லை. வியட்நாமியத்தில் ஒரு சொல்கூட அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. சில வருஷங்களுக்கு முன் சைகோனிலிருந்து போனில் அவரிடம் ஒரு சேதி சொன்னேன். அதே பத்திரிகை இப்போது வருஷாவருஷம் வண்ணக் கொடிகளோடு ஊர்வலம் போகிறவர்களின் படத்தைப் பெரிதாகப் போடுகிறது, அன்பு எல்லோருக்கும் பொது என்று தலைப்பு வைக்கிறது என்றேன். பழைய தலைப்பைப் பற்றி அது ஒரு வரியும் எழுதியதில்லை என்பதை நான் சொல்லவில்லை. அவர் அப்படியா என்றார். பிறகு, அங்கே மழை பிடித்துவிட்டதா என்று கேட்டார்.

அம்மான் புறப்பட்ட நாள் மத்தியானம் நல்ல வெயில். விமான நிலையத்துக்குள் பயணிகளை மட்டும்தான் விடுவார்கள். மற்றவர்கள் வெளியே கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். அம்மான் என் கன்னத்தைத் தட்டிவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். கண்ணாடிக்கு அப்பால் வரிசையில் அவர் முதுகு கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு மறைந்துவிட்டது. நாங்கள் திரும்பும்போது சூ சின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். குச்சியிலிருந்து வருகிற பேருந்து வழியில் நின்றுவிட்டதாம். கால்சட்டையில் முழங்கால்வரை சேறு. கண்ணாடியைப் பார்த்தார். நேரம் தாண்டிவிட்டது என்று அவருக்கே தெரிந்தது.

அப்பச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். சூ சின் எனக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவர் எப்போதும் பேசுகிற மாதிரி மெதுவாகவே பேசினார். உன் அம்மானிடம் சொல், உன் அப்பாவிடமும் சொல் என்றார். உன் அம்மான்மேல் எனக்கு மிகவும் துவாங் என்றார்.

அந்தச் சொல் எனக்குத் தெரிந்த சொல். பாடப்புத்தகத்தில் தாய் இல்லாத கோழிக்குஞ்சைப் பற்றி ஒரு பாடம் உண்டு. பிச்சைக்காரக் கிழவரைப் பற்றி ஒன்று உண்டு. ஏழைகளிடம் நமக்குத் துவாங் வேண்டும் என்று டீச்சர் சொல்வார். அந்த ஊரில் தாய் பிள்ளையிடம் சொல்வதும், கட்டியவள் புருஷனிடம் சொல்வதும் அதே சொல்தான் என்று எனக்குத் தெரியாது. காதல் என்ற பெரிய சொல்லைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, அதைவிட ஆழமான இந்தச் சொல்லை அவர்கள் சாதாரணமாகச் சொல்வார்கள் என்பது, நான் வளர்ந்து, என்னிடம் ஒருவர் அதைச் சொன்னபோதுதான் தெரிந்தது.

“என்னங்கிறான்?” என்று அப்பச்சி கேட்டார்.

“அம்மானை நெனச்சா ரொம்பப் பாவமா இருக்காம், அப்பச்சி.”

 வாரக்கணக்காக இறுகிக் கிடந்த அப்பச்சியின் முகம் தளர்ந்தது.

“பாவந்தான்” என்றார். குனிந்து சூ சின்னின் தோளில் கை வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவுமில்லை.

சூ சின் அந்தக் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சரியாகச் சொல்லிவிட்டேன் என்பதுபோல் தலையாட்டினேன். அவர் இரண்டு கைகளாலும் அப்பச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் நடுவில், அழுதுகொண்டே சிரித்தார். நன்றி, நன்றி என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பச்சியும் இருக்கட்டும், இருக்கட்டும் என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாத இரண்டு பெரியவர்களை இப்படிச் சேர்த்துவைத்துவிட்டேன் என்று, வீடு போய்ச் சேரும்வரை எனக்குப் பெருமை தாங்கவில்லை.